புண்படும் மனமும் 295ஏ பிரிவும்

மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் 295ஏ பிரிவு 1927-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் நுழைந்தது. லாகூர்ப் பதிப்பாளர் ராஜ்பால், நபிகள் நாயகத்தின் இல்லற வாழ்வைக் கேலி செய்து வெளியிட்ட சிறுநூலே காரணம். சமூகங்களுக்கிடையே பகை மூட்டியதாக அவர்மீது வழக்குப் பாய்ந்தது. மறைந்த சமயத் தலைவரை இழித்து எழுதுவது, எவ்வளவு அருவருப்பானதானாலும், பகை மூட்டுவதைத் தண்டிக்கும் பிரிவுக்குள் வராது என்று நீதிபதி தலிப் சிங் அவரை விடுவித்தார். எழுந்த கொந்தளிப்பில் புதிய பிரிவு பிறந்தது. 1929-இல் ராஜ்பால் குத்திக் கொல்லப்பட்டார்.

மசோதாவை ஆராய்ந்த குழுவில் இருந்த ஜின்னா, மதத்தை நேர்மையாக விமர்சிப்போருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று வற்புறுத்தியதைப் பலர் மறந்துவிட்டார்கள். வேண்டுமென்றே, தீய நோக்குடன் இழித்தால்தான் குற்றம் என்கிறது பிரிவு. ஆனால் நோக்கத்தை அளப்பது நீதிமன்றத்தில். அதற்குள் கைது முடிந்திருக்கும்.

மனித உரிமைக் கோட்பாடு காப்பது மனிதரை, நம்பிக்கையை அல்ல. ஒருவரை மசூதிக்கோ கோயிலுக்கோ போகவிடாமல் தடுத்தால் உரிமை பறிபோகிறது. அவர் கும்பிடுவதைப் பகடி செய்தால் மனம் நோகும். கும்பிடும் உரிமை அப்படியே இருக்கும். பிறருக்குத் தீங்கு நேராமல் தடுக்க மட்டுமே ஒருவரைக் கட்டுப்படுத்தலாம் என்று 1859-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் வாதிட்டார். மனவருத்தம் தீங்காகுமா என்பதில்தான் சிக்கல்.

ராம்ஜி லால் மோடி வழக்கில் 1957-இல் உச்ச நீதிமன்றம், பொது ஒழுங்கைக் காட்டி இப்பிரிவை ஏற்றது. இதில் ஓர் ஆபத்து உண்டு: கலவரம் செய்யத் துணிந்தவரின் கோபத்துக்கே மதிப்புக் கூடும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 295ஏ இப்போது 299-ஆவது பிரிவு. மூன்றாண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தைச் சுவீகரித்த பாகிஸ்தான், 1986-இல் நபியை இழிவுபடுத்துவோருக்கு மரண தண்டனை வரை விதிக்கும் 295சி பிரிவைச் சேர்த்தது.