குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் (மருத்துவக் கல்வி)

குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் என்பது இந்திய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் உள்ள சமூகச் சேவைவழிக் கற்றல் முறையாகும். தேசிய மருத்துவ ஆணையம் இதனை 2021–22இல் சேர்ந்த மாணவர்கள் முதல் நடைமுறைப்படுத்தியது. 1965இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி போன்றவற்றுக்கும் இது பொருந்தும்.

மாணவர் முதலாண்டிலேயே கிராமத்தில் சில குடும்பங்களைப் பொறுப்பேற்று, பின்வரும் ஆண்டுகளிலும் சென்று பார்க்கிறார். இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தசோகை ஆகியவற்றோடு குடிநீர், கழிப்பறை, உணவுப் பழக்கம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்கிறார். உப்பைக் குறைக்கும்படி மருந்துச் சீட்டில் எழுதுவது எளிது. சதுரங்கப்பட்டினத்தில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டில் அதைச் சொல்லிப் பார்த்தால்தான் சிரமம் தெரியும். ‘தத்தெடுப்பு’ என்ற பெயர் சற்று மிகை, கற்றுத்தருபவர்கள் அக்குடும்பத்தார்தாம்.

அளந்து பதிவேட்டை நிரப்பினால் மட்டும் போதாது. அழுத்தம் கூடியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, மருந்து கிடைத்ததா என்று அடுத்தமுறை கேட்க வேண்டும்.