மூட்டைப்பூச்சி தேடி வருவது அழுக்கை அல்ல, ஆளை

வீட்டில் கொசுத் தொல்லை என்றால் பக்கத்து வீட்டாரிடம் தயங்காமல் சொல்கிறோம். எலி வந்தாலும் சொல்கிறோம். மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. "சுத்தமில்லாத குடும்பம்" என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். அந்த மௌனம்தான் பூச்சி பெருகுவதற்கு நேரம் கொடுக்கிறது.

மூட்டைப்பூச்சியின் உணவு இரத்தம் மட்டுமே. சிந்திய சோறு, குப்பை, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் அதற்குத் தேவையில்லை. நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவும் உடலின் சூடும் அதற்கு வழிகாட்டுகின்றன. அதனால் மனிதர் உறங்கும் எந்த இடத்திலும் அது வாழும். நட்சத்திர ஹோட்டலும் தோட்டத்து லயமும் அதற்கு ஒன்றுதான். வீட்டில் சாமான்கள் நிறைந்து கிடந்தால் அது ஒளிய இடம் கூடும், தேடிப் பிடிப்பது சிரமமாகும். அவ்வளவே.

வளர்வது எப்படி?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெரும்பாலும் காணப்படுவது வெப்பமண்டல வகை. முழுதாக வளர்ந்தது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளம், ஆப்பிள் விதையளவு இருக்கும். தட்டையான உடல், பழுப்பு நிறம். இரத்தம் குடித்ததும் உப்பிச் சிவக்கும். இறக்கை இல்லை, பறக்காது, தத்தவும் செய்யாது. ஆனால் வேகமாக ஊர்ந்து செல்லும். இந்த வகை வழுவழுப்பான பரப்பிலும் ஏறக்கூடியது என்பதால், கட்டில் காலுக்குக் கீழே பிளாஸ்டிக் குவளை வைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

ஒரு பெண் பூச்சி தன் வாழ்நாளில் 200 முட்டைகள் வரை இடும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள அந்த வெள்ளை முட்டைகள் மரத்திலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். நம் நாட்டுச் சூட்டில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சு வெளிவரும். அது ஐந்து முறை தோலுரித்த பிறகே முழு வளர்ச்சி பெறும். ஒவ்வொரு முறையும் தோலுரிக்கும் முன் ஒரு வேளையாவது இரத்தம் குடித்தாக வேண்டும்.

கடிப்பது பெரும்பாலும் இரவில், நாம் அயர்ந்து தூங்கும்போது. ஐந்து, பத்து நிமிடங்களில் வயிறு நிறைந்ததும் மறைவிடத்துக்குத் திரும்பிவிடும். மெத்தையின் தையல் ஓரம், கட்டிலின் மூட்டு, தலைப்பலகையின் பின்புறம், பலகைச் சுவரின் இடுக்கு, நாற்காலியின் அடிப்பக்கம் ஆகியவை அதன் வீடுகள். அங்கே மையால் புள்ளி வைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகளும் உரிந்த தோலும் இருந்தால், அதுவே அடையாளம். கடித்தடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. சிலருக்குத் தடிப்பே வராது. சிலருக்குச் சில நாள் கழித்துத்தான் அரிக்கும். அதனால் ஒரே கட்டிலில் தூங்கும் இருவரில் ஒருவர், "எனக்கு ஒன்றும் இல்லையே" என்பார்.

மூட்டைப்பூச்சி கடித்து மனிதருக்கு நோய் பரவியதாக உறுதிப்படுத்தப்படவில்லை. ஆனாலும் சொறிந்த இடம் புண்ணாகலாம். தூக்கம் கெட்ட பிள்ளை வகுப்பில் கண்ணயரும். வேலைக்குப் போகிறவரும் சோர்ந்துபோவார்.

வீட்டுக்குள் வரும் வழி

பெயரிலேயே மூட்டை இருக்கிறது. அது ஊர்விட்டு ஊர் போவதும் நம் மூட்டை முடிச்சுகளில்தான். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் பகிர்வு அறையில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது பையோடு வரலாம். மாணவர் விடுதியிலிருந்து வரலாம். யாரோ கழித்துப் போட்ட மெத்தை, சோபாவுடனும் வரலாம். பழைய சாமானை வீட்டுக்குள் ஏற்றும் முன் வெளியிலேயே புரட்டிப் பாருங்கள். வெளியூரில் தங்கும்போது முதலில் பையைக் குளியலறையில் வைத்துவிட்டு, மெத்தையின் ஓரத்தைக் கைவிளக்கு அடித்துப் பார்த்தபின் படுக்கலாம்.

செய்ய வேண்டியது

சூடுதான் நல்ல மருந்து. துணி, போர்வை, தலையணை உறைகளைப் பையில் கட்டி எடுத்துச் சென்று, 60 பாகை வெந்நீரில் துவைத்து, டோபி கடையின் உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் போட்டால் பூச்சியும் முட்டையும் சாகும். இரும்புக் கட்டிலின் மூட்டுகளில் கொதிநீர் ஊற்றும் பழைய வழக்கமும் பயன் தரும். தண்ணீர் படும் இடத்தில் மட்டும். மெத்தையை வெயிலில் காயப்போடுவது போதாது. அதன் உள்பகுதிவரை அந்தச் சூடு எட்டாது.

கொசுவுக்கு அடிக்கும் ஸ்பிரே பெரும்பாலும் ஏமாற்றும். அதில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகளை இந்தப் பூச்சிகள் பல இடங்களில் தாங்கப் பழகிவிட்டன. அறை முழுதும் புகையாகப் பரவும் மருந்து இடுக்குக்குள் நுழைவதில்லை. முட்டை தப்பிவிடும் என்பதால், எந்த மருந்தானாலும் இரண்டு வாரத்துக்குப் பின் மறுபடி பார்த்து அடிக்க வேண்டும்.

தோட்டத்தில் பயிருக்கு அடிக்கும் மருந்தையோ மண்ணெண்ணெயையோ ஒருபோதும் மெத்தையில் ஊற்றாதீர்கள். இரவு முழுதும் அதன்மேல் மூச்சு விடப்போவது உங்கள் குழந்தை. மலேசியாவில் 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற, வீட்டுக்குள் பயன்படுத்தலாம் என்று லேபிளில் குறிப்பிட்ட மருந்தை மட்டுமே வாங்குங்கள்.

கடி தாங்காமல் ஹாலுக்குப் படுக்கையை மாற்றினால் பூச்சியும் ஹாலுக்கு வரும். அதைவிட முக்கியம், லயத்திலும் அடுக்குமாடியிலும் இரு வீட்டுக்கும் சுவர் ஒன்று. ஒரு வீட்டில் மட்டும் மருந்தடித்தால், சுவர் இடுக்கில் பிழைத்தவை அடுத்த வீட்டிலிருந்து திரும்பி வரும். விடுதி அறைகளுக்கும் இதே கதைதான்.

ஆகவே முதல் கறுப்புப் புள்ளியைக் கண்ட அன்றே பக்கத்து வீட்டாரிடமோ, வீட்டுக்காரரிடமோ, விடுதிக் காப்பாளரிடமோ சொல்லிவிடுங்கள். சொன்னவரைக் குறைவாக நினைக்க வேண்டாம். அவர் சொன்னதால்தான் மற்றவர்களும் தங்கள் கட்டிலைப் புரட்டிப் பார்ப்பார்கள்.