உதறினால் பிடிக்கும், சாய்ந்தால் விடும்

புதைமணலில் கால் மாட்டினால் என்ன செய்வது? ஏரி நகரமான பெங்களூருக்கும் இது தேவையான பாடம்தான்

பெங்களூரில் கடல் இல்லை, பாலைவனமும் இல்லை. புதைமணலைப் பற்றி இந்த நகரத்துக்கு என்ன கவலை? ஏரிகள் இருக்கின்றனவே. கோடையில் நீர் வற்றியதும் கரையோரம் காய்ந்து, நடக்கலாம் போலத் தெரியும். மேலே வெறும் ஏடு. அடியில் பல ஆண்டுக் கழிவுநீர் சேர்த்த சகதி. சுமார் 900 ஏக்கர் பெல்லந்தூர் ஏரியில் அது எவ்வளவு சேர்ந்திருந்தது என்பது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நடந்த வழக்கை அடுத்து பெங்களூர் வளர்ச்சி ஆணையம் தூர் வாரத் தொடங்கியபோது தெரிந்தது. போதாததற்கு, விடுமுறை நாட்களில் நகரத்துக் கூட்டம் காவிரியின் சங்கமத்துக்கும் முத்தத்திக்கும் போகிறது. அங்கே ஈர மணல்.

சினிமாவில் புதைமணலில் விழுந்த வில்லனின் தொப்பி மட்டுமே மிஞ்சும். நிஜம் வேறு. நீரில் ஊறிய மணலின் அடர்த்தி மனித உடலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் உடல் இடுப்பளவில் நின்றுவிடும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் டேனியல் பான் குழுவினர் 2005இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினார்கள்.

அபாயம் அதற்குப் பிறகுதான். கால் பட்டதும் கூழாக இளகும் மணல், நீர் பிரிந்ததும் காலைச் சுற்றி இறுகிவிடுகிறது. விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் காலை உருவுவதற்கே, ஒரு நடுத்தரக் காரைத் தூக்கும் பலம் வேண்டும் என்பது அந்தக் குழுவின் கணக்கு. உதறினால் மேலும் இறங்கும். சிக்கியவர் அங்கேயே நிற்க, கடலோரத்தில் ஓதமும் ஆற்றில் திறந்துவிட்ட அணை நீரும் உயர்ந்து வந்து உயிரைக் குடிக்கும்.

தப்பும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் முதுகுச் சுமையைக் கழற்றி எறிய வேண்டும். மல்லாந்து படுப்பதுபோல் பின்னால் சாய்ந்து, கைகளை அகல விரிக்க வேண்டும். எடை பரவியதும் இறங்குவது நிற்கும். பிறகு காலைச் சிறு வட்டமாக மெல்ல மெல்ல அசைத்தால் இடுக்கில் நீர் புகுந்து மணல் தளரும். ஒரு காலுக்குப் பின் மறு கால். விடுபட்டதும் எழுந்து நிற்கக் கூடாது; வந்த வழியே படுத்தபடி நகர வேண்டும்.

ஏரிச் சகதியில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அது மணலைவிட இலேசானது. இடுப்போடு நிற்கும் என்று நம்ப முடியாது. குப்புற விழுந்தால் மூச்சே அடைபடும்.

கரையில் நிற்பவர்கள் பதறி உள்ளே குதித்தால் சிக்குபவர்களின் எண்ணிக்கைதான் கூடும். பலகை, ஏணி, கயிறு, முறுக்கிய புடவை, எது கிடைத்தாலும் நீட்டலாம். கைகளைப் பிடித்து வேகமாக இழுப்பதோ, வண்டியில் கயிறு கட்டி இழுப்பதோ மூட்டைப் பிசகச் செய்துவிடும். கையோடு 112 அல்லது 101ஐ அழைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: கையில் ஒரு கம்பு. ஊன்றிப் பார்த்து, கம்பு இறங்கினால் திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம்.