பிரஷர் இறங்கிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

"மூணு மாசமா பிரஷர் 120/80-லயே நிக்குது. இனியும் மாத்திரை எதுக்கு?" வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அளவு சரியானதும் நோய் போய்விட்டது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இதற்கான பதிலை இதயத்தில் தேடுவதைவிடச் சிறுநீரகத்தில் தேடுவது நல்லது.

இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அங்குள்ள வடிகட்டிகளின் வாசலில் சில செல்கள் ஓயாமல் அழுத்தத்தை அளந்துகொண்டிருக்கின்றன. அழுத்தம் குறைந்தால் ரெனின் என்ற நொதி சுரக்கும். கல்லீரல் அனுப்பிய ஒரு புரதத்திலிருந்து அது பத்து அமினோ அமிலங்கள் கொண்ட துண்டை நறுக்கி எடுக்கும். நுரையீரலைக் கடக்கையில் ஏ.சி.இ. என்ற நொதி அதில் இரண்டை வெட்டிவிடும். மிஞ்சிய எட்டுதான் ஆஞ்சியோடென்சின் 2. இத்தனை சிறிய துண்டு உடல் முழுக்க ரத்தக்குழாய்களை இறுக்குகிறது, அட்ரினல் சுரப்பியைத் தூண்டி உப்பைத் தேக்குகிறது. உப்பு தேங்கினால் தண்ணீரும் தேங்கும், அழுத்தம் ஏறும். உடலில் இதைவிட அழகான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

மொட்டைமாடித் தொட்டியின் சென்சாரை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் பார்த்து மோட்டாரைப் போடும், நிறுத்தும். உயர் ரத்த அழுத்தக்காரர்களுக்கு அந்த சென்சார் மேலேறி மாட்டிக்கொள்கிறது. 150-தான் சரியான மட்டம் என்று சிறுநீரகம் பழகிப்போகிறது. மாத்திரைகளில் எனலாப்ரில் ஏ.சி.இ.யைத் தடுத்து, மோட்டாருக்குப் போகும் வயரைத் துண்டிக்கிறது. டெல்மிசார்டான் அந்த வயர் சேரும் ஸ்விட்சை அடைக்கிறது. ஆம்லோடிபின் குழாய்களை அகலமாக்குகிறது. சிறுநீர் பெருக்கி மாத்திரை வடிகாலைத் திறந்துவிடுகிறது. இவற்றில் எதுவும் சென்சாரைக் கீழே இறக்கிவைப்பதில்லை. மாத்திரையை நிறுத்தினால் தொட்டி பழைய மட்டத்துக்கு நிரம்பும். அப்போது வலியே இல்லாமல் விரிசல் விடுபவை மூளையிலும் விழித்திரையிலும் ஓடும் மெல்லிய குழாய்கள்.

   

ஒரே வாரத்தில் பிரஷரை விரட்டும் சாறு என்று சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். இந்துப்புக்கு மாறினால் போதும் என்பதும் தவறு, அதிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். சிறுநீரகம் உப்பின் நிறத்தைப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேரும்.

உப்பையும் உடல் எடையையும் குறைத்து, தினமும் நடந்தால் சென்சார் ஓரளவு இறங்கக்கூடும். அப்போது மாத்திரையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருத்துவர் அளவெடுத்துப் பார்த்து முடிவுசெய்வார். அதுவரை 120/80 என்பது அந்த மாத்திரை அன்றன்றைக்குச் செய்யும் வேலை. ஆகவே தொடர்ந்து சாப்பிடுங்கள்.