உரக்கச் சொன்ன ஓட்டு

அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் காலெப் பிங்கம் 1852இல் ஒரு தேர்தல் நாளை வரைந்தார். மிசௌரி மாநிலத்துச் சிற்றூர். நீதிமன்றப் படிக்கட்டின் மேலே ஒருவர் பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்கிறார். அருகிலேயே வேட்பாளர், தொப்பியைத் தூக்கி வணங்கியபடி இன்னொருவரிடம் சீட்டு நீட்டுகிறார். நிற்கவே முடியாத குடிகாரரை ஒருவர் தாங்கிப் பிடித்து ஓட்டுப்போட இழுத்து வருகிறார். ஓரத்தில் மது ஊற்றிக் கொடுக்கும் கறுப்பினத்தவருக்கு ஓட்டு கிடையாது. பெண் வாடையே இல்லை. பிங்கம் வேடிக்கை பார்த்தவர் மட்டுமல்ல, 1848இல் மாநிலச் சட்டசபைக்குத் தேர்வானவர்.

அந்தப் படிக்கட்டில் ஓட்டு என்பது வாயால் சொல்வது. பெயரைச் சொல்லி, யாருக்கு என்று உரக்க அறிவித்தால் எழுத்தர் குறித்துக்கொள்வார். கடன் கொடுத்தவர், பண்ணைக்காரர், மாமனார் எல்லாரும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். மனசாட்சியை மறைக்க என்ன இருக்கிறது என்று இதற்கு நியாயமும் பேசினார்கள். வேறு பல மாநிலங்களில் கட்சிகளே சீட்டு அச்சடித்துக் கொடுத்தன. அதன் நிறமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். விலை கொடுத்தவருக்குச் சரக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க அது போதாதா?

அரசே அச்சிட்டு, மறைவிடத்தில் குறிக்கும் வாக்குச்சீட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மாநிலம் முழுவதற்குமாக அதை முதலில் சட்டமாக்கியது மாசசூசெட்ஸ், 1888இல். கென்டக்கியில் வாய்வழி ஓட்டு 1891 வரை நீடித்தது. ஆனால் நல்ல ஏற்பாடும் கெட்ட கைக்குப் போனது. படித்துக் குறிக்க வேண்டிய சீட்டு, எழுத்தறியாதவரை வெளியே நிறுத்தியது. அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர்களைத் தடுக்கத் தென் மாநிலங்கள் இதோடு எழுத்தறிவுத் தேர்வையும் தேர்தல் வரியையும் சேர்த்துக்கொண்டன. 1964இல் மிசிசிப்பியில் வயது வந்த கறுப்பினத்தவரில் நூற்றுக்கு ஏழு பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. மறு ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே கதவு திறந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை நாடு முழுவதும் 1920இல் கிடைத்திருந்தது.

இன்று? ஓரிகனில் வாக்குச்சீட்டு தபாலில் வீடு தேடி வருகிறது. ஜனாதிபதியிலிருந்து மாவட்ட ஷெரீப், நீதிபதி வரை அத்தனை பதவிகளும் நீளமான தாளில். சமையலறை மேசையில் வைத்துக் குறித்து, உறையில் போட்டு, வெளியே கையெழுத்திட வேண்டும். பதிவிலிருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட்ட பிறகே உறையைப் பிரிப்பார்கள். மோசடி என்று ஆண்டுக்கணக்காகக் கத்துகிறார்களே, எனக்கு அது பெரிய கவலையாகப் படவில்லை. என் கவலை மேசையின் எதிர்ப்பக்கத்து நாற்காலி பற்றியது. சாவடி மறைப்புக்குள் கணவனால் எட்டிப் பார்க்க முடியாது. வீட்டில் முடியும்.

இன்னொன்றும் உண்டு. யாருக்குப் போட்டோம் என்பதுதான் ரகசியம். போட்டோமா என்பது ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் பதிவேட்டில் கிடைக்கும். பல மாநிலங்களில் எந்தக் கட்சியின் பேரில் பதிந்திருக்கிறோம் என்பதும் தெரியும். கதவைத் தட்டும் தொண்டர் கைபேசியில் அந்தப் பட்டியலோடுதான் வருகிறார். போதாததற்கு, குறித்த சீட்டோடு செல்ஃபி எடுத்துப் போடுகிறார்கள். நியூ ஹாம்ஷையர் 2014இல் அதைத் தடை செய்தபோது, அது பேச்சுரிமைக்கு விரோதம் என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஓட்டை விலைக்கு வாங்குபவருக்கு இதைவிடச் சௌகரியமான ரசீது எது?

அதற்காகத் தபால் ஓட்டை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்கர் இன்னும் 1845ஆம் ஆண்டுச் சட்டப்படி நவம்பர் செவ்வாய்க்கிழமையில்தான் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அறுவடை முடித்து வண்டி கட்டிப் போன விவசாயிகளுக்காகக் குறித்த நாள் அது. நாடு முழுவதற்குமான விடுமுறையும் இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கும் செவிலிக்கு அந்த உறைதான் சாவடி.