புதிய இணைய முகவரி முறையின் வளர்ச்சியை அளத்தல்

இணையத்தோடு தொடர்புகொள்ளும் ஒவ்வொரு கணனிக்கும் கைத்தொலைபேசிக்கும் ஓர் எண் முகவரி இன்றியமையாதது. முகவரியில்லாக் கடிதத்தைத் தபாற்காரர் சேர்ப்பிக்க இயலாதவாறு போல, எண்ணில்லாக் கருவிக்கு எச்செய்தியும் சென்று சேராது. இவ்வெண்களை வகுக்கும் நெறிமுறையின் நான்காம் பதிப்பு 1981 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அது முகவரி ஒன்றுக்கு 32 துவித இலக்கங்களை ஒதுக்கியது. அவற்றால் ஆக்கத்தக்க எண்கள் ஏறத்தாழ 430 கோடியாம். அந்நாளில் இஃது எடுக்க எடுக்கக் குறையாத களஞ்சியமாகத் தோன்றிற்று. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகம் ஒன்றுக்கே 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள் வழங்கப்பட்டிருந்தன. நம் இலங்கையின் மக்கட்டொகையே இரண்டு கோடியளவினது என்பதை நினைத்தால் அக்காலத்துத் தாராளம் நன்கு விளங்கும்.

களஞ்சியத்தின் அடி 2011 பெப்ரவரி 3 ஆம் நாள் தென்பட்டது. அன்று எஞ்சியிருந்த இறுதி ஐந்து பெருந்தொகுதிகளும் பிராந்தியப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. இலங்கையையும் உள்ளடக்கிய ஆசிய பசிபிக் பதிவகமாகிய ஏப்னிக், அவ்வாண்டு ஏப்பிரல் 15 முதல் ஒவ்வொருவருக்கும் சிறிது சிறிதாகவே அளந்து கொடுக்கலாயிற்று. முந்தி வந்தவர் அள்ளிச் சென்றனர். பிந்தி வந்தவர் ஒரு முகவரியைப் பல இல்லங்களுக்குப் பங்கிட வேண்டியவராயினர். இப்பங்கீட்டினால் அன்றாட அலுவல்கள் நடைபெறுகின்றன என்பது மெய்யே. ஆயினும், வெளியிலிருந்து ஒருவர் நம் வீட்டுக் கணனியை நேரே அழைத்தல் அரிதாகிறது. ஒருவன் செய்த குறும்புக்காக ஒரு தளம் அம்முகவரியைத் தடுத்துவிடின், குற்றமறியா அயலவரும் உடன் தடுக்கப்படுவர்.

இக்குறையை நீக்க வரையப்பட்டதே ஆறாம் பதிப்பு. 1995 இறுதியில் முதன்முதல் வெளியான இதன் முகவரி 128 துவித இலக்கங்கள் கொண்டது. இதனால் ஆக்கத்தக்க முகவரிகளின் தொகையை எழுதுதற்கு 39 இலக்கங்கள் வேண்டும். பஞ்சம் தீர்ந்தது எனலாமோவெனின், அதுதான் இல்லை. நான்காம் பதிப்பை மாத்திரம் அறிந்த கருவியும் ஆறாம் பதிப்பை மாத்திரம் அறிந்த கருவியும் தம்முள் நேரே உரையாடமாட்டா. ஆகவே இரண்டையும் ஒருங்கே பேணவேண்டும்; அதற்கு இரட்டைச் செலவு. 'மற்றையோர் மாறட்டும், பின்னர் யாம் மாறுவோம்' என்று ஒவ்வொருவரும் காத்திருப்பதற்கு இதுவே காரணம். எனவே 'உலகம் எவ்வளவு மாறியுள்ளது?' என்னும் வினா வெறும் ஆர்வத்தால் எழுவதன்று. அதன் விடையை நோக்கியே நிறுவனங்கள் பணத்தைச் செலவிடுகின்றன, அல்லது பிற்போடுகின்றன.

அவ்விடை அளக்கும் கோலுக்கேற்ப வேறுபடுகின்றது என்பதே இங்கு நாம் கவனிக்கவேண்டியது. வழங்கப்பட்ட முகவரித் தொகுதிகளை எண்ணுதல் எளிது. ஆயின் காணியுறுதி பெற்றவர் அனைவரும் வீடு கட்டிக் குடியேறிவிட்டனர் என்று கொள்ளுதல் பொருந்துமா? புதிய முகவரி பதிந்துள்ள இணையத்தளங்களை எண்ணுவதும் இத்தகையதே. கோடிக்கணக்கானோர் நாடும் விக்கிப்பீடியாவும் எவரும் நாடாத ஒரு தளமும் அங்கே ஒவ்வொன்றாகவே எண்ணப்படும். ஆம்ஸ்ரடாம் போன்ற நகரங்களிலுள்ள பரிமாற்ற நிலையங்களிற் செல்லும் போக்குவரத்தை அளந்தாலோ, ஆறாம் பதிப்பின் பங்கு மிகச் சிறிதாகவே தோன்றும். பெரிய நிறுவனங்களின் காணொளி முதலியன இந்நிலையங்களுக்கு வாராமலே, சேவை வழங்குவோரின் வலையினுள் வைக்கப்பட்ட களஞ்சியங்களிலிருந்து நேரே பயனரை அடைகின்றமை இதற்கு ஒரு காரணமாகும்.

இவற்றினும் நம்பத்தக்கது பயனரையே அளத்தல். கூகிள் நிறுவனம் தன்னை நாடி வருவோருள் எத்தனை பேர் ஆறாம் பதிப்பு வழியாக வருகின்றனர் என்பதை 2008 முதல் கணித்து வருகின்றது. அப்போது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2016 தொடக்கத்தில் நூற்றுக்குப் பத்து ஆயிற்று. 2024 இல் நாற்பதைத் தாண்டி நின்றது. ஏப்னிக்கின் தலைமை விஞ்ஞானி ஜெஃப் ஹியூஸ்ரன் வகுத்த முறை இன்னும் நுட்பமானது. இணைய விளம்பரத்தோடு ஒரு சிறு நிரல் பயனரின் கருவியை அடைகின்றது; அது கண்ணுக்குப் புலப்படாத சில சிறு படங்களை வேண்டுகின்றது. ஒரு படம் நான்காம் பதிப்பால் மாத்திரம் கிட்டும். மற்றொன்று ஆறாம் பதிப்பால் மாத்திரம் கிட்டும். வேறொன்று இருவழியாலும் கிட்டும். இரண்டாவது படம் வந்துசேரின் அக்கருவி வல்லமையுடையது. மூன்றாவதை எவ்வழியாற் பெற்றது என்பது அதன் விருப்பத்தைக் காட்டும். வல்லமையும் விருப்பமும் வெவ்வேறாக அளக்கப்படுதல் இம்முறையின் சிறப்பு.

இவ்வளவைகளுக்கும் குருட்டிடங்கள் உண்டு. கூகிளைத் தடுத்துள்ள சீனாவின் நிலையைக் கூகிளின் கணக்கு உள்ளவாறு காட்டாது. மேலும், ஒரே கணக்கு சனி, ஞாயிறுகளில் ஏறி, வேலை நாட்களில் இறங்கும். இல்லங்களும் கைத்தொலைபேசி நிறுவனங்களும் மாறிய அளவுக்கு அலுவலகங்கள் மாறவில்லை என்பதே இதன் பொருள். இந்தியாவில் 2016 செப்ரெம்பரிற் சேவையைத் தொடங்கிய ஜியோ நிறுவனம் தொடக்கத்திலேயே ஆறாம் பதிப்பைக் கைக்கொண்டமையால், அந்நாட்டின் வீதம் சில ஆண்டுகளில் ஐம்பதைக் கடந்து உலகின் முன்வரிசையை எய்திற்று. பழைய முகவரி இல்லாமையே அங்கு உந்துகோலாயிற்று.

அமெரிக்க அரசின் அனுபவமும் ஈண்டு நோக்கத்தக்கது. 2008 யூன் மாதத்துக்குள் திணைக்களங்களின் முதன்மை வலைகள் ஆறாம் பதிப்பைக் கையாளவேண்டுமென 2005 இற் பணிக்கப்பட்டது. வல்லமையைக் காட்டுதலே அக்கட்டளை வேண்டிய சான்று. அன்றாட வழக்கத்தை அது அளக்கவில்லை. 2020 நவம்பரில் வெளியான கட்டளையோ கோலையே மாற்றிவிட்டது. 2025 நிதியாண்டின் முடிவுக்குள் இணையத்தொடர்புடைய கருவிகளில் நூற்றுக்கு எண்பதாவது ஆறாம் பதிப்பில் மாத்திரம் இயங்கவேண்டும் என்பது அதன் விதி. புதியதைச் சேர்த்தமையை விடுத்துப் பழையதைக் கைவிட்டமையை எண்ணும் இவ்வளவையே கடுமையானது. இரட்டைச் செலவு எப்போது ஒழியும் என்பதை உணர்த்துவதும் இதுவே என்பது எமது கருத்து.

மாணவர் இதனைத் தம் கைத்தொலைபேசியிலேயே சோதித்தறியலாம். அமைப்புப் பகுதியிற் காணும் முகவரி புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாயின் அது பழையது. முக்காற்புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட நீண்ட தொடராயின் புதியது. ஆனால் அத்தொடர் 'எஃப்.ஈ.80' எனத் தொடங்கின் அதனைக் கணக்கிற் சேர்த்தல் ஆகாது. அது கருவி தானே தனக்கு இட்டுக்கொண்ட உள்ளூர் முகவரி. வீட்டு வலைக்கு அப்பால் அது செல்லாது. இரண்டு என்னும் இலக்கத்திலே தொடங்குவதே வெளியுலகுக்குச் செல்லும் முகவரி.