விரலுக்கேற்ற வில்லை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல், அனந்தபுரம்)

ஒளிப்படக் கலை ஒரு காலத்தில் சீமான்களின் பொழுதுபோக்காக இருந்தது. இன்றோ கைப்பேசி இல்லாத மாணவரைக் காண்பதே அரிது. ஆயினும், "சொந்தமாக ஒரு நல்ல கேமரா வேண்டும்" என்ற ஆசை நம் வகுப்பறைகளில் ஓய்ந்தபாடில்லை. 2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியரின் படைத்துறைக் கோட்டைகள் என்ற தொகுதியில் உள்ள 12 கோட்டைகளுள் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே. நம் மண்ணை நாமே படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயற்கைதானே!

ஆனால் நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் என்பது எங்களுக்கு ஒரு போக விளைச்சலின் கணக்கு. அவ்வளவு பணத்தைத் தவணைக் கடனில் போடுமுன், அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொள்வது அவசியமல்லவா? அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வந்த வழி

1839ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு டாகர் தம் ஒளிப்பட முறையை உலகுக்கு அறிவித்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அக்கலை தமிழகத்தில் வேரூன்றிவிட்டது. சென்னையில் 1850இல் கலைப்பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் 1857இல் சென்னை ஒளிப்படக் கழகம் தோன்றியது. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் பெரிய காகித எதிர்ப்படங்களில் பதிவு செய்தார். அவருடைய பெட்டியையும் மருந்துகளையும் சுமக்கவே ஆட்கள் தேவைப்பட்டனர்.

பின்னர் சுருள் வந்தது, பெட்டி சுருங்கியது, விலை குறைந்தது. நம் தாத்தாக்கள் காலத்தில் பல வீடுகளில் இருந்தது இந்தியாவிலேயே தயாரான ஆக்ஃபா கிளிக் 3. ஒரு சுருளுக்கு 12 படங்கள்தாம். 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் சுருள் தயாரித்தது. இன்று அவ்வாலை மூடப்பட்டுவிட்டது. சுருள் இருந்த இடத்தில் இப்போது மின்னணு உணரி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நிற்கும் கண்ணாடி வில்லையின் விதி மட்டும் மாறவே இல்லை.

குவியத் தூரம் என்பது யாது?

கடைக்குச் சென்றால் "18–55 வில்லை, 55–250 வில்லை" என்பார்கள். இவ்வெண்கள் வில்லையின் குவியத் தூரத்தை மில்லிமீட்டரில் குறிக்கின்றன. தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் உணரியில் எவ்வளவு உயரமாக விழும் என்பதை ஓர் எளிய வாய்பாட்டால் கணக்கிடலாம்: குவியத் தூரத்தைப் பொருளின் உயரத்தால் பெருக்கி, பொருளின் தொலைவால் வகுத்தால் போதும்.

நம் இராஜகிரியையே எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் ஏறக்குறைய 800 அடி, அதாவது 240 மீட்டர். இரண்டு கிலோமீட்டர் தொலைவில் நின்று 18 மி.மீ. வில்லையால் எடுத்தால் பிம்பத்தின் உயரம் சுமார் 2 மி.மீ.தான். 50 மி.மீ. வில்லையில் அது 6 மி.மீ. ஆகும், 250 மி.மீ. வில்லையில் 30 மி.மீ. ஆகும். மாணவர்கள் பெரும்பாலும் வாங்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களின் உணரி ஏறக்குறைய 22 மி.மீ. அகலமும் 15 மி.மீ. உயரமும் உடையது. ஆகவே முதல் வில்லையில் மலை எறும்புப் புற்றாகத் தெரியும். கடைசி வில்லையில் மலையின் ஒரு பகுதியே அடங்கும். சுமார் 100 மி.மீ. வைத்தால் மலை சட்டத்துக்குள் அழகாக அமரும்.

கைப்பேசியில் பௌர்ணமி நிலா ஏன் வெறும் புள்ளியாக விழுகிறது என்பதற்கும் இதுவே விடை. நிலாவின் பிம்பம் குவியத் தூரத்தில் ஏறக்குறைய 110இல் ஒரு பங்குதான். 250 மி.மீ. வில்லையிலும் அது 2.3 மி.மீ. அளவைத் தாண்டாது.

கண் திறக்கும் அளவு

வில்லையின் மீது 'எஃப் 1.8', 'எஃப் 5.6' என்றும் பொறித்திருப்பார்கள். குவியத் தூரத்தை ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது இந்த எண். எனவே எண் சிறியதானால் துளை பெரியது. துளையின் பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஒளியின் அளவும் அவ்வாறே மாறும். எஃப் 5.6இல் விழும் ஒளியைப் போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளி எஃப் 1.8இல் விழுகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. ஒரே ஒரு குழல் விளக்கு எரியும் நம் வீட்டுக் கூடத்தில் அம்மாவைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கேமராவுடன் வரும் சாதாரண 18–55 வில்லையை 55இல் வைத்தால் துளை எஃப் 5.6க்கு மேல் திறக்காது. அதில் ஒரு வினாடியின் ஆறில் ஒரு பங்கு நேரம் தேவைப்படுமானால், 50 மி.மீ. எஃப் 1.8 வில்லையில் அறுபதில் ஒரு பங்கு போதும். முன்னதில் கை நடுங்கிப் படம் கலங்கும். பின்னதில் முகம் தெளிவாக விழும். நிலைக்குவிய வில்லைகளுள் விலை குறைந்தது இந்த 50 மி.மீ. வில்லையே என்பது நமக்கு ஆறுதலான செய்தி.

கைப்பேசி போதாதா?

போதும் என்பதே பெரும்பாலும் என் விடை. பகல் வெளிச்சத்தில், அருகில் உள்ள பொருளை எடுக்கக் கைப்பேசியே தாராளம். அதன் துளையின் விட்டம் சில மில்லிமீட்டர்தான். அந்தக் குறையைப் பல படங்களை அடுத்தடுத்து எடுத்துக் கணினி முறையில் இணைத்து ஈடுகட்டுகிறார்கள். பறவை, விளையாட்டு, இரவு நேரத் தெருக்கூத்து ஆகியவற்றை எடுக்க விரும்புவோருக்கே தனிக் கேமரா உண்மையில் தேவைப்படுகிறது.

கருவியைவிட ஆளே பெரிது என்பதற்கு நம்மவர் ஒருவரைச் சான்று காட்டலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படம்பிடித்து உலகப் புகழ் பெற்றார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே ஒட்டுப்போட்டு இணைத்த கேமரா ஒன்றை வைத்திருந்தார். அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். 1970இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. யானையின் இயல்பை அறிந்த கண்தான் அவருடைய உண்மையான வில்லை.

வாங்குவோர் கவனத்திற்கு

பழைய கேமரா வாங்குவது இழுக்கன்று. கேமராவின் உடல் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். நல்ல வில்லையோ பல்லாண்டு உழைக்கும். ஆகவே உடலுக்குக் குறைவாகவும் வில்லைக்குச் சற்று அதிகமாகவும் செலவிடுங்கள். ஒரு நிறுவனத்தின் வில்லை மற்றொன்றின் பூட்டுவாயில் பொருந்தாது. ஒரே நிறுவனத்திலும் பழைய பூட்டு, புதிய பூட்டு என்ற வேறுபாடு உண்டு. இதைக் கேட்டறியாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

பழைய வில்லையை வாங்குமுன் கைப்பேசி விளக்கை ஒருபுறம் பிடித்து மறுபுறம் நோக்குங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விட்டுவிடுங்கள். மழைக் காலத்தில் நம் வில்லைகளுக்கும் இந்நோய் வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் போதும். பீரோவில் துணிகளுக்கிடையே பூட்டி வைப்பதே தவறு.

கோட்டைக்குச் செல்வோர் காலையிலேயே செல்லுங்கள். செஞ்சி ஊர்ப்பக்கமிருந்து நோக்கினால் இராஜகிரி மேற்கே இருப்பதால், வெயில் நம் முதுகுப்புறமிருந்து மலை முகத்தில் விழும். கல்யாண மகாலை மிக அருகில் நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாய்ந்தாற்போல் தோன்றும். சற்று விலகி நின்று கேமராவை நேராகப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். முக்காலியுடன் எடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி தேவை.

எதை எடுப்பது?

கோட்டையைப் படம் எடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். நம் வீட்டாரைப் படம் எடுக்க நம்மைத் தவிர யார் வருவார்கள்? என் தாத்தாவின் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. பாட்டிக்கு இருப்பது அடையாள அட்டைக்காக எடுத்த படம் ஒன்றே. ஏற்றம் இறைத்தவர், மலைக்கல் உடைத்தவர், நாற்று நட்டவர் ஆகியோரின் முகங்கள் எந்த ஏட்டிலும் இல்லை. படித்த முதல் தலைமுறையான நாம்தாம் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும்.

எனவே நண்பர்களே, கடன் வாங்குமுன் கையிலுள்ள கைப்பேசியால் ஓராண்டு படம் எடுங்கள். எந்தக் குறை உங்களை உண்மையில் தடுக்கிறது என்று கண்டறியுங்கள். தூரமா? அதிக குவியத் தூரம் வேண்டும். வெளிச்சமா? பெரிய துளை வேண்டும். இரண்டும் இல்லையெனில் பணம் மிச்சம்! எடுத்த படங்களுள் நல்லவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள். விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள் பெரியோர். நம் தேவைக்கேற்ற வில்லையே நமக்கு நல்ல வில்லை.